முடிவெடுக்கப் பழக்குவது: எட்டாம் வகுப்புச் சிட்டையிலிருந்து

"பரீட்சையில் பக்கத்தில் இருப்பவன் காட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று எந்த வகுப்பில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "காட்ட மாட்டோம் டீச்சர்!" என்று ஓடு அதிரப் பதில் வரும். நானும் எட்டாம் வகுப்பில் கேட்டேன், நன்றாகவே அதிர்ந்தது. அடுத்த வாரம் மாதத் தேர்வு. வட்டத்தின் பரப்பளவுக் கணக்கில் ஏழு தாள்களில் ஒரே தப்பு விடை. அது மட்டுமா, ஒரே வரியில் ஒரே எண்ணை அடித்துத் திருத்தியிருந்தார்கள். அடித்தலைக்கூட விடாமல் பார்த்து எழுதியிருக்கிறார்கள்!

அவர்கள் என்னிடம் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் கேட்ட கேள்வியிலேயே விடை இருந்தது, அதைத் திருப்பிச் சொன்னார்கள். எது சரி என்று தெரிவது ஒன்று. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒருவன் பேனாவால் முதுகில் குத்திக்கொண்டிருக்கும்போது, அதைச் செய்வது வேறு. நீதிபோதனை வகுப்பில் முதலாவதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். இரண்டாவதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள் நான். உளவியல் படித்தவள் இல்லை, அதனால் பெரிய வார்த்தைகள் வராது.

இதற்குக் கல்வித்துறையில் 'பொறுப்புடன் முடிவெடுத்தல்' என்று பெயர். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய காசெல் என்ற அமைப்பு, பிள்ளைகள் பாடத்தோடு சேர்த்துக் கற்க வேண்டியவை என்று ஐந்து திறன்களைச் சொல்கிறது. தன்னை அறிவது, தன்னைக் கட்டுக்குள் வைப்பது, பிறர் நிலையை உணர்வது, உறவுகளைப் பேணுவது, ஐந்தாவதாக இது. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களிலும் முடிவெடுத்தல் இருக்கிறது. எளிதாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஒன்றைச் செய்வதற்கு முன், வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு வழியிலும் எனக்கு என்ன ஆகும், மற்றவர்களுக்கு என்ன ஆகும், ஆபத்து உண்டா, நியாயமா என்று யோசிப்பது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அப்புறம் வருவதை 'நான் செய்தது' என்று ஏற்றுக்கொள்வது.

சொல்பேச்சுக் கேட்பது இதில் சேராது. டீச்சர் சொன்னதைச் செய்கிற பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் அங்கே முடிவெடுத்தது டீச்சர். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி, கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு அறையில் நான்கு பேரோடு தங்கும்போது, அங்கே டீச்சர் இருக்கப்போவதில்லை. அதுவரை சொன்னதை மட்டும் செய்து பழகியவன், அங்கேயும் யாராவது சொல்வதைத்தான் செய்வான். சொல்கிறவர் மாறியிருப்பார்.

நம் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. 'முடிவு' என்ற ஒரே சொல் கடைசி என்றும் பொருள்படும், தீர்மானம் என்றும் பொருள்படும். பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள்: முடிவு எடுத்தாச்சு, விஷயம் முடிஞ்சாச்சு. உண்மையில் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. 'பொறுப்பு' என்ற சொல்லைப் பாருங்கள், 'பொறு' என்பதிலிருந்து வந்தது. தாங்குவது, சுமப்பது. எடுத்ததைச் சுமக்கத் தயாராக இருப்பதுதான் பொறுப்பு. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் "அப்ப புத்தகப் பையும் பொறுப்புதானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, எப்படிப் பழக்குவது? எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு பழைய முறை இருந்தது. அதைப் பழக்கியவர்கள் ஆசிரியர்கள் இல்லை, வட்டிக்கடைக்காரர்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று போய் லேவாதேவி செய்த காலத்தில், கடையில் முதலில் சேருகிறவன் 'பெட்டியடிப் பையன்'. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எடுபிடி வேலை செய்வான், கணக்கு எழுதுவதைப் பார்ப்பான், பிறகு கொஞ்சம் எழுதுவான். தேறினால் 'அடுத்தாள்'. அதற்கும் பிறகுதான் கடையையே நடத்தும் ஏஜெண்டு. மூன்று வருஷக் கணக்கில் போய் வருவது வழக்கம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் முதலாளிக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுக் கடன் கொடுக்கலாம் என்றால், கப்பலில் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் கடன் கேட்டவன் வேறு கடைக்குப் போயிருப்பான். அங்கேயே, அப்போதே முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பயிற்சி அவ்வளவு நிதானமாக இருந்தது. சின்னக் காரியம் முதலில், பெரிய காரியம் பிறகு. எதைச் செய்தாலும் அன்றன்றைக்குச் சிட்டையில், அதாவது நாள்கணக்கு நோட்டில், எழுத வேண்டும், அது பேரேடு என்ற பெரிய கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும், பின்னால் ஒருநாள் யாராவது அதைப் பார்த்துக் கேட்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. பையனை நேராகக் கல்லாவில் உட்கார வைக்கவில்லை, அதற்காகக் கடைசிவரை எடுபிடியாகவும் வைத்திருக்கவில்லை. நம் பள்ளிகள் இரண்டாவது தப்பைத்தான் செய்கின்றன. பதினைந்து வயது வரை எந்த நிறப் பேனாவில் கோடு போடுவது என்பதைக்கூட நாமே சொல்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்த அன்று, "என்ன குரூப் எடுக்கப்போற? யோசிச்சு முடிவு பண்ணு" என்கிறோம்.

பிடிக்காதவையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். பெட்டியடியில் பையன்தான் உட்கார்ந்தான், பெண் பிள்ளை இல்லை. அவளுடைய முடிவுகளை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எடுத்தார்கள். இன்னொன்று, கணக்கில் எழுதப்பட்டது கடையின் வரவும் செலவும் மட்டும்தான். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் போனார்கள். ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 4-இல் ஒரு பங்கு நிலம் செட்டியார் கடைகளிடம் இருந்தது. நிலம் வேண்டும் என்று அவர்கள் திட்டம் போடவில்லை, பலருக்கு ரொக்கம்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கடனும் தனித்தனியாகப் பார்த்தால் கணக்குப்படி சரி. ஆனால் எல்லாம் சேர்ந்து என்ன ஆகும், கடைக்கு வெளியே வயலில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பதற்குப் பேரேட்டில் இடமே இல்லை. அதற்கான கசப்பையும் பின்னால் அவர்களே சுமக்க வேண்டியிருந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது உயிர் பிழைத்தால் போதும் என்று திரும்பியவர்களின் கதை எங்கள் பக்கத்தில் பல வீட்டுத் திண்ணைகளில் இன்னமும் ஓடும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் எங்கள் வகுப்பில் ஒரு சிட்டை போட்டோம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கோடு போடாத ஒரு நீள நோட்டு. வகுப்பு சேர்ந்து எடுக்கும் எந்த முடிவும் அதில் ஏற வேண்டும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தோம்: வரவு, செலவு, 'இங்கே இல்லாதவர்'. மூன்றாவதுதான் பர்மாவிலிருந்து வந்த பத்தி. இந்த முடிவால் யாருக்கோ நல்லதோ கெட்டதோ ஆகப்போகிறது, ஆனால் அவர் இந்தப் பேச்சில் இல்லை. அவர் யார்? அடியில் தேதி போட்டு, "15 நாள் கழித்து" என்று ஒரு வரி காலியாக விடுவோம்.

முதல் முடிவு 500 ரூபாய். பள்ளியில் படித்துப் போன ஒருவர் பொங்கலுக்கு வந்தபோது வகுப்புக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார். என்ன வாங்கலாம் என்று கேட்டேன். வாய் மூடவில்லை, "பேட்டு!" என்றார்கள். கையைத் தூக்கச் சொன்னால் 34 பேரில் 21 பேர். சரி, முடிந்தது என்று நான் நோட்டை மூடியிருக்கலாம். கையைத் தூக்குவதும் முடிவெடுப்பதும் ஒன்று என்றுதான் நாமும் நினைத்துப் பழகியிருக்கிறோம். மூன்றாவது பத்தியை யார் நிரப்புவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் ஒரு பெண், சத்தமே வராமல், "பேட்டு வாங்குனா நாங்க விளையாட மாட்டோம்ல" என்றாள். ஒரு பையன் உடனே, "நீங்களும் வாங்க, யாரு வேணாம்னா?" "போன தடவ வந்தோம், பந்து பொறுக்கத்தான் விட்டீங்க." வகுப்பு சிரித்தது, பையனும் சிரித்தான். ஆனால் அவனே எழுந்து வந்து மூன்றாவது பத்தியில் '13 பேர்' என்று எழுதினான். அறைக்குள்ளேயே இருந்தவர்கள்தான், இருந்தும் பேச்சில் இல்லாதவர்கள்.

அன்றைக்கு முடிவாகவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு ரப்பர் பந்து, இரண்டு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர் என்று ஒரு பட்டியல் வந்தது. கேரம் போர்டு ஏற்கெனவே பள்ளியில் இருந்தது, ஸ்ட்ரைக்கர்தான் தொலைந்துவிட்டது. கடைக்கு மூன்று பேர் போனார்கள். வந்ததும் பந்தைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன். மெலிசு. இது தாங்காது என்று எனக்குத் தெரியும். மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கருவேல முள்ளில் பட்டுப் பந்து போயிற்று. 15 நாள் கழித்து நிரப்ப வேண்டிய வரியில் அவர்களே எழுதியது: "பந்தைக் கடையிலேயே தரையில் அடித்துப் பார்த்து வாங்கணும். முள்ளு பக்கம் கோல் போஸ்ட் வைக்கக் கூடாது. கயிறு நல்லா இருக்கு."

நான் அன்று வாய் திறந்திருந்தால் ஒரு நல்ல பந்து கிடைத்திருக்கும். அந்த வரி கிடைத்திருக்காது. வகுப்பறையில் முடிவெடுக்கப் பழக்குவதில் ஆசிரியருக்கு உள்ள ஆகப் பெரிய கஷ்டம் இதுதான். வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு சிரமமாக இருந்ததில்லை.

அதற்காகப் பந்து போனதால் முடிவு தப்பு என்றும் சொல்லக் கூடாது. நல்ல முடிவு வேறு, நல்ல பலன் வேறு. நன்றாக யோசித்துச் செய்ததும் சில நேரம் கவிழும், யோசிக்காமல் செய்ததும் சில நேரம் பலிக்கும். ரயில்வே கேட் மூடிய பிறகு சைக்கிளைச் சாய்த்துக் கட்டைக்குக் கீழே நுழைந்து போகிறவன் தினமும் பத்திரமாகத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறான். அவன் எடுத்தது நல்ல முடிவா? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டபோது பாதிப் பேர், "ஒண்ணும் ஆகலையே டீச்சர்" என்றார்கள். ஒன்றும் ஆகாததுதான் இதில் ஆபத்து. பலனை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டத்தையும் புத்திசாலித்தனத்தையும் பிரிக்கத் தெரியாமல் போய்விடும். சிட்டையில் காரணத்தையும் முன்கூட்டியே எழுதி வைப்பது அதற்காகத்தான். இல்லாவிட்டால் பலன் தெரிந்த பிறகு, "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். பெரியவர்களும் சொல்வோம்.

இப்போது கடினமான பகுதி. இதுவரை சொன்னதெல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரம் உள்ள முடிவுகள். வளரும் வயதில் பிள்ளைகளைக் கவிழ்ப்பவை அப்படிப்பட்டவை இல்லை. அவை மூன்று வினாடியில், நண்பர்கள் நடுவில் எடுக்கப்படுபவை.

மூளையின் முன்பகுதி, அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, யோசித்து நிறுத்துகிற வேலையைச் செய்கிறது. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும் என்கிறார்கள். ஆசையும் பரபரப்பும் அதற்கு வெகுமுன்பே வேகம் பிடித்துவிடும். 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டத் துணிகிறார்கள் என்று பார்ப்பது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும், கல்லூரி வயதினரும், 24 வயதைத் தாண்டியவர்களும் ஆடினார்கள். சிலர் தனியாக, சிலர் தன் வயதுக்காரர்கள் இருவர் பக்கத்தில் இருக்க. பெரியவர்கள் தனியாக ஆடினாலும் கூட்டத்தோடு ஆடினாலும் ஒரே மாதிரி ஆடினார்கள். சின்னவர்கள் அப்படி இல்லை, பக்கத்தில் ஆள் இருந்தபோது கூடுதலாகத் துணிந்தார்கள். மற்ற இரண்டு பிரிவையும்விட அவர்களிடம்தான் அந்த மாற்றம் அதிகம்.

தனியாகக் கேட்டால் தங்கமாகப் பதில் சொல்கிற பையன், கூட்டத்தில் ஏன் வேறு ஆளாகிறான் என்பதற்கு இது பாதி விளக்கம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு அறிவுரை சொல்வதால் ஏன் பெரிய பயன் இல்லை என்பதற்கும்.

எங்கள் ஊரில் இது ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் வடிவில் வரும். வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் கண்மாய், நாலு மழையில் நிறைந்துவிடும். கோடையில் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கும், மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். முழங்கால் அளவு என்று நினைத்து நடக்கிறவனுக்கு அடுத்த அடியில் தரை இருக்காது. பள்ளி விட்டதும் நான்கைந்து பேர், "டேய் வாடா, ஒரு முங்கு போட்டுட்டு வந்துருவோம்." ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மறுநாள் வகுப்பு முழுக்கப் பட்டப்பெயர் ஓடும்.

அந்த இடத்தில் அவனுக்கு வேண்டியது கண்மாய் ஆபத்து என்ற தகவல் இல்லை, அது அவனுக்குத் தெரியும். வாயில் தயாராக ஒரு வாக்கியம் வேண்டும். எனவே அதைத்தான் பழக்குகிறேன். வகுப்பில் நான்கு பேரைக் கூப்பிடும் ஆட்களாக நிற்க வைத்து, ஒருவனை மறுக்கச் சொல்வது. கூப்பிடுகிறவர்கள் விடாமல் கூப்பிட வேண்டும், கிண்டலும் செய்யலாம். முதல் தடவை எல்லாரும் பாடப்புத்தகத் தமிழில், "இல்லை நண்பா, அது ஆபத்தானது" என்கிறார்கள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். இப்படி யாருடா பேசுவா என்று அவர்களே திருத்துவார்கள். நான்காவது ஐந்தாவது தடவையில்தான் நிஜ வாக்கியங்கள் வரும். "அப்பத்தா தேடும்டா, வந்து கம்பை எடுக்கும்." "சட்டை நனைஞ்சா எங்காத்தா கொன்னுபோட்டுரும்." "நான் கரையில இருந்து உங்க பையைப் பாத்துக்கிறேன், போங்க." ஒருவன், "எனக்குக் காதுல சீழ்டா" என்று சொன்னதற்குக் கைதட்டல் கிடைத்தது.

இது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஆகாதா என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முகம் கெடாமல் வெளியே வர ஒரு வழி கிடைத்தால்தான் பதின்மூன்று வயது வெளியே வரும். நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொல்லும் வயது பிறகு வரட்டும், அதற்குப் பையன் கரையில் இருக்க வேண்டும் அல்லவா? காப்பியடிக்கும் விஷயத்துக்கும் இதே முறைதான். "டீச்சர் என்னையே பாக்குறாங்கடா" என்ற வாக்கியம் இப்போது வகுப்பில் புழக்கத்தில் இருக்கிறது. என்னை வில்லியாக்கியிருக்கிறார்கள், பரவாயில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட முடியாது. 500 ரூபாய் போனால் போகட்டும். கண்மாயில் இறங்கலாமா என்பதற்கு வகுப்பில் ஓட்டெடுப்பு கிடையாது, ஒருவரை அடிக்கலாமா ஒதுக்கலாமா என்பதற்கும் கிடையாது. உயிருக்கோ உடம்புக்கோ மானத்துக்கோ திரும்பச் சரிசெய்ய முடியாத கேடு வருமானால் முடிவு பெரியவருடையது, அதை மழுப்பாமல் அப்படியே சொல்லிவிட வேண்டும். திரும்பச் சரிசெய்யக் கூடியது எல்லாம் அவர்களுடையது. ஏற்கெனவே நாமே முடிவு செய்துவிட்டு, 'நீங்களே சொல்லுங்கள்' என்று நடிப்பதுதான் இதில் மிக மோசம். பிள்ளைகள் அதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் சிட்டையை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

'இங்கே இல்லாதவர்' பத்தியைப் புரியவைக்க ஊருணியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. செட்டிநாட்டில் ஆறு பக்கத்தில் இல்லை, மழைத்தண்ணீர்தான். வீட்டுக் கூரையில் விழுந்ததுகூட முற்றம் வழியாக வடிகாலுக்குப் போய் ஊருணிக்குச் சேரும்படி தெருவையே அமைத்திருந்தார்கள். குடிதண்ணீர் ஊருணி என்றால் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்தப் படிக்கட்டைக் கட்டியவர் யாரை நினைத்துக் கட்டினார்? பிறகு தண்ணீர் வரும் வரத்துக்காலைத் தேடிக்கொண்டு நடப்போம். ஓர் இடத்தில் யாரோ இடித்த வீட்டுக் கட்டுமானக் குப்பையைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள். கொட்டியவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. லாரிக்காரருக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவருடைய கணக்கிலும் இரண்டு பத்திதான். திரும்பி வந்து அவர் இடத்தில் இருந்து சிட்டை எழுதச் சொன்னேன். மூன்றாவது பத்தியில் ஒருவன் 'தவளை' என்று எழுதினான், இன்னொருத்தி 'என் பேத்தி' என்று எழுதினாள்.

சின்ன வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் இரண்டு வழியில் ஒன்றைக் கேட்டால் போதும். முதலில் கதையா, முதலில் படம் வரைவதா? தேர்ந்தெடுத்த பிறகு பாதியில் மாற்ற விடாதீர்கள், அதுதான் அந்த வயதுக்கான கணக்கு.

பத்தாம் வகுப்பில் நேர் எதிர். அங்கே ஒரு பெரிய முடிவு வாசலில் நிற்கிறது. பதினொன்றில் என்ன குரூப்? கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்தான் கௌரவம் என்று வீட்டில் இருக்கும், கூடப் படிக்கிற தோழி வணிகவியல் எடுப்பாள், அப்பா மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒன்று சொல்வார். இதில் நான் செய்வது மிகக் குறைவு. எந்தக் குரூப் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒரு தாளில் மூன்று கேள்வி: உனக்கு எந்தப் பாடம் வீட்டுப்பாடம் இல்லாத நாளிலும் கையில் எடுக்கத் தோன்றுகிறது? இந்தக் குரூப்பை எடுத்த ஒருவரிடம் நேரில் பேசினாயா? இது உன் முடிவா, யாருடைய பயத்தின் முடிவா? மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தபோது ஒரு அப்பச்சி முறைத்தார். கூட்டம் முடிந்ததும் வந்து, தான் படிக்க நினைத்தது என்ன என்று அரைமணி நேரம் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

என் பங்குக்கு ஒரு தப்பையும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஒரு பள்ளியில், நான் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வகுப்புத் தலைவனை விட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் எழுதியிருந்த ஐந்து பேரையும் வெயிலில் நிற்க வைத்தேன். அதில் ஒரு பெண் அன்றைக்குப் பேசவே இல்லை, முந்தின நாள் அவனுக்கு ரப்பர் கொடுக்கவில்லை, அதுதான் குற்றம். சாயங்காலம் தெரியவந்தது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. தப்பான முடிவு எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கிடைத்த நாள் அது. இப்போது என் தப்புகளும் சிட்டையில் ஏறுகின்றன. "டீச்சர் விசாரிக்காமல் திட்டினார்" என்று ஒரு பக்கம் இருக்கிறது, கீழே என் கையெழுத்தில் "உண்மை, மன்னிக்கவும்" என்று இருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு, வாரத்தில் ஒரு பாடவேளை போதும். பெரிய தலைப்புகளைத் தேடாதீர்கள். யார் எங்கே உட்காருவது, பிந்தி வருகிறவரை என்ன செய்வது, உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்று வகுப்பே தினமும் கொடுக்கும். மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்ட அன்றே, "காட்ட மாட்டோம் டீச்சர்" கூட்டம் திரும்ப வந்துவிடும். முதல் இரண்டு மாதம் சத்தமாக இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். சிலர் கடைசிவரை வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தேன், ஆத்தங்குடி டைல்ஸ் வந்த அட்டைப் பெட்டிதான்.

இந்த வருஷப் பொங்கலுக்கும் அதே மனிதர் வந்தார், அதே 500 ரூபாய். இது புது எட்டாம் வகுப்பு. பழைய சிட்டையை எடுத்துப் படித்திருக்கிறார்கள். அவர்களுடைய புதுச் சிட்டையின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "போன வருஷப் பந்து ஒன்பது நாள். பேட்டு வேண்டாம் என்று அக்காக்கள் சொன்னதற்குக் காரணம் எழுதியிருக்கு, ஆனால் இந்த வருஷம் நாங்கள் பதினொரு பெண்கள் பேட்டு பிடிப்போம். முள்ளை வெட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்க ஆள் போயிருக்கிறது." மூன்றாவது பத்தி இன்னும் காலி.